அதிசிறப்பு முதலிடம்

அனைத்துலக மின்னாட்டத் தரமறி நடுவகத்துக்கு உலகத்தில் ஒரேயொரு கிளைதான் உண்டு. அது சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் இருக்கிறது. தலைமையகம் எங்கே என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் இதுவரை பொன்னாடை போர்த்தி அனுப்பியிருக்கிறார்கள். பதில் மட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

மின்னாட்டம் என்றால் பயப்பட வேண்டாம், வீடியோ கேம்தான். கேம் என்ற சொல்லை நடுவகத்தின் யாப்பு, அதாவது அமைப்பு விதி, தடைசெய்திருக்கிறது. யாப்பை எழுதியவர் தலைவர் இராஜசிங்கம் அண்ணை. வாழ்க்கையில் ஒரு கேமையும் தொட்டுப் பாராதவர்.

அவர் முன்பு பிள்ளைகளுக்கு மனனப் போட்டி நடத்திக்கொண்டிருந்தவர். மண்டபம் பிடித்து, மைக் பிடித்து, பிள்ளைகளைப் பிடித்து வருடாவருடம் நடத்தினார். மண்டபமும் மைக்கும் கடைசிவரை கிடைத்தன. பிள்ளைகள்தான் கிடைக்காமல் போனார்கள். ஏன் வருகிறார்களில்லை என்று ஆராய ஒரு குழு போட்டார். வீட்டிலிருந்து கேம் விளையாடுகிறார்கள் என்று குழு கண்டுபிடித்துச் சொன்னது. வேறொரு மனிசன் என்றால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிட்டுத் தானும் பிள்ளைகளோடு இருந்து ஒரு ஆட்டம் ஆடியிருப்பான். அண்ணை விடுகிற ஆளா? நேரம் முடிந்தால் அடிக்கிற மணி இருக்கிறது. புள்ளித்தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது. பெயர் பொறிக்காத வெற்றிக் கிண்ணங்கள் கட்டடத்தின் அடியில் கெல்லருக்குள் பெட்டி பெட்டியாகத் தூங்குகின்றன. பிள்ளைகள் வராவிட்டால் கேமையே மேடையேற்றினால் போகிறது என்று முடிவெடுத்துவிட்டார்.

இந்த அரியண்டத்துக்குள் யதுஷா போய் மாட்டுப்பட்டதுதான் கதை.

யதுஷா வின்டர்தூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் வேலை. வேலை விட்டு வந்தால் கேம் விளையாடுவாள். விளையாடி முடித்ததும் தன் இணையப் பக்கத்தில் தமிழில் எழுதுவாள். நல்லதென்றால் நல்லது, குப்பையென்றால் குப்பை, அடியில் பத்துக்கு எத்தனை என்று ஒரு புள்ளி. உலகமெல்லாம் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஒரு கேமுக்கு மூன்று போட்டுவிட்டு, "கடைசி இரண்டு கட்டமும் முதல் கட்டத்தையே வேறு நிறத்தில் பூசியது. நான் முடித்தேன், நீங்கள் முடித்தீர்களா?" என்று எழுதினாள். இணையத்தில் அவளைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அவள் மூன்றை நாலாக்கவில்லை. அதன் பிறகுதான் தாய் தகப்பன்மார் அவளைத் தேடத் தொடங்கினார்கள். தமிழ்க் கடையில் மரவள்ளிக் கிழங்கு நிறுக்கும்போதே, "பிள்ளை புதுசா ஒண்டு கேக்கிறான், யதுஷா என்ன சொன்னவவாம்?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள்.

அவளோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவன் விதுஷன். கேம் செய்கிறவன். அவன் செய்ததன் பெயர் 'கடைசிப் பஸ்'. கூர் என்ற ஊருக்கு மேலே மலைக்குள் போகிற மஞ்சள் போஸ்ட் பஸ்ஸை நீங்கள் ஓட்டவேண்டும். பனி கொட்டுகிறது. ஏறுகிற சனமெல்லாம் தமிழ் கதைக்கிறது. ஹோட்டலில் கட்டில் விரித்துவிட்டு வருகிறவள், ஆஸ்பத்திரி வேலை முடிந்து தூங்கி விழுகிறவர், எங்கே இறங்குவதென்று மறந்துபோய் வெட்கத்தில் ஒருவரிடமும் கேளாமல் இருக்கிற ஒரு மனிசன். வேகமாக ஓட்டினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், ஆனால் ஒருவரின் கதையையும் முழுதாகக் கேட்கமாட்டீர்கள். மெல்ல ஓட்டினால் கேட்கலாம், ஆனால் பனி பாதையை மூடிவிடும். யதுஷா அதை முடித்துவிட்டு, அடுத்த நாள் முன்மேசையில் யாருக்கோ பல்லுப் பிடுங்க நேரம் குறித்துக்கொண்டிருக்கும்போது அந்த மனிசனை நினைத்து அழுதுவிட்டாள். ஒன்பது போட்டாள். பத்து ஏன் இல்லை என்று விதுஷன் கேட்டான். "வளைவில ஸ்டியரிங் இறுகுது" என்றாள். அவன் போய்த் திருத்தினான்.

இந்தக் கேமுக்காக அவன் வேலையை அறுபது வீதமாகக் குறைத்துவைத்திருந்தான். வீட்டில் தாய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள். கடைசியாக ஒரு வழி தெரிந்தது. வின்டர்தூரில் லெர்ஹென்ஹோஃப் என்றொரு பண்பாட்டு இல்லம், அங்கே விளையாட்டு அறையொன்று திறக்கப்போகிறார்கள். ஒவ்வொரு சமூகமும் ஒரேயொரு கேம் வைக்கலாம். வருகிற போகிற சுவிஸ் சனமெல்லாம் விளையாடும், கேம் வெளியிடுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"அங்க வைச்சாப் போதும், யது. பிறகு அது தன்ர பாட்டில ஓடும்" என்றான் விதுஷன். "இதுவும் சரிவராட்டி மூடிப்போட்டு நூறு வீத வேலைக்குத் திரும்பிப் போறன். இனி என்னால ஏலாது."

எந்தக் கேம் என்று தீர்மானிக்கவேண்டியவர் இல்லத்தின் பொறுப்பாளர் ஹெர் புருப்பாகர். நல்ல மனிசன்தான், தீர்மானம் மட்டும் எடுக்கமாட்டார். சமூகம்தான் தீர்மானிக்கவேண்டும் என்பது அவரது கொள்கை. தமிழ்ச் சமூகம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். இலச்சினையும் ரப்பர் முத்திரையும் வைத்திருந்த இடம் ஷ்லீரனில் அகப்பட்டது. இரண்டே நிபந்தனை. நடுவகம் ஒரு கேமைத் தெரிவுசெய்யவேண்டும். அதைப் பற்றி ஒரு விமர்சகர் சபையில் கருத்துச் சொல்லவேண்டும். விமர்சகர் "இது சரியில்லை" என்று சொல்லிவிட்டால் புருப்பாகர் தெரிவைத் திறந்து மறுபடி பார்ப்பார்.

இராஜசிங்கம் அண்ணை யதுஷாவைத் தேடிப் பல் வைத்தியசாலைக்கே வந்தார். வந்த கையோடு ஒரு பல்லையும் காட்டினார். வெளியே வரும்போது வாயின் ஒரு பக்கம் விறைத்து உதடு கோணிப்போயிருந்தது. மற்ற மனிசர் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர் முன்மேசையில் கையை ஊன்றி, "அன்பார்ந்த யதுஷாப் பிள்ளைக்கு வணக்கம். நேரத்தைக் கருத்தில எடுத்துச் சுருக்கமாக் கதைக்கிறன்" என்று தொடங்கினார். பின்னால் நின்ற சுவிஸ்கார அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு ஒரு சஞ்சிகையை எடுத்து வாசித்து முடித்தாள்.

"எங்களிட்ட எல்லாம் இருக்குப் பிள்ளை" என்றார் அண்ணை. "கிண்ணம் இருக்கு, மணி இருக்கு, யாப்பு இருக்கு. சனம் நம்புற ஆள் மட்டும் இல்லை. அதுதான் உம்மை முதன்மை விமர்சகரா எடுக்கப்போறம்."

"விதுஷன்ர கேமும் போட்டிக்கு வருதோ, அங்கிள்?"

"எல்லாரும் வரலாம். எங்களிட்டப் பாரபட்சம் எண்ட கதைக்கே இடமில்லை. என்ர மருமோன் சயனும் ஒண்டு போடுறான்."

யதுஷா ஓம் என்றாள். நல்ல கேமைக் கண்ணால் கண்டால் ஆருக்கும் விளங்கும் என்று நினைத்தாள், பாவம்.

தெரிவு நாள் ஒரு சனிக்கிழமை பின்னேரம். பழைய தொழிற்சாலையொன்றின் மேல்மாடியில் மண்டபம். நடுவர் மேசைக்குப் பட்டுத்துணி விரித்து, தண்ணீர்ப் போத்தல் வரிசையாக வைத்து, நடுவில் மணியை வைத்திருந்தார்கள். மணிக்குப் பொறுப்பு தில்லைநாயகி ரீச்சர். மனனப் போட்டிக் காலத்திலிருந்தே அந்த மணியை அடிக்கிறவர். எத்தனையோ பிள்ளைகளை நடுவசனத்தில் நிறுத்தி அழவைத்த கை.

"கொன்ட்ரோலர் எங்க, ரீச்சர்?" என்று யதுஷா கேட்டாள்.

"அது என்னத்துக்கு உமக்கு?"

"விளையாடிப் பாக்க."

ரீச்சர் தலைவரைப் பார்த்தார். தலைவர் யதுஷாவைப் பார்த்தார். ஆடை அவிழ்ந்தவரைப் பார்ப்பதுபோல இருவரும் பார்த்தார்கள்.

"பிள்ளை, நடுவர் மேடையில ஏறிப் பாடுறதில்லை" என்றார் அண்ணை. "விளையாடினா விருப்பம் வரும். விருப்பம் வந்தா நடுநிலை போச்சு. நடுவகம் தொடங்கின நாளில இருந்து எங்களில ஒருத்தர்கூட ஒரு மின்னாட்டத்தையும் விளையாடினதில்லை. இந்தச் சுத்தத்தை வேற எந்த அமைப்பிலயும் நீர் காணமாட்டீர்."

விளையாடுவது போட்டிக்காரர். மேடையில் பெரிய திரை. மூன்று நிமிடம். மணி அடித்தால் இறங்கவேண்டும். புள்ளித்தாளை யதுஷா திருப்பிப் பார்த்தாள். அதில் உச்சரிப்பு, மனனம், முகபாவம், உடை, நேரம் என்று ஐந்து தலைப்பு இருந்தது. அது அப்படியே பழைய மனனப் போட்டித் தாள். அச்சடித்தது மிஞ்சிக் கிடந்ததால் மாற்றவில்லை.

முதலில் மாதிரிக்காக உலகப் புகழ்பெற்ற சில கேம்களை மேடையேற்றினார்கள். உதைபந்தாட்டக் கேம் ஒன்று வந்தது. "எல்லாப் பிள்ளையளும் ஒரே மாதிரி உடுத்து, சேர்ட்டை வடிவா உள்ளுக்க விட்டு வந்திருக்கினம்" என்று ரீச்சர் உருகிப்போய் உடைக்குப் பத்துப் போட்டார். சுட்டுத் தள்ளுகிற கேமில் காவல்காரன் ஒருவன் செத்துச் செத்து எழும்பி ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு சொல் தடக்கவில்லை. மனனத்துக்குப் பத்து. கார் ஓட்டப் போட்டியில் ஒருவரும் வாயே திறக்கவில்லை. "சபைக் கூச்சம்" என்று குறித்தார்கள். பிணங்கள் எழும்பி நடக்கிற கேமுக்கு முகபாவத்தில் புள்ளி அள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் கிழிந்த உடுப்போடு மேடைக்கு வந்ததற்காக ஒரு புள்ளி வெட்டினார்கள்.

"இதில ஆர் தோக்கிறது?" என்று யதுஷா மெல்லக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் எட்டரைக்கு மேல் விழுந்திருந்தது.

"தோல்வி எண்டது எங்கட நடுவகத்தில இல்லை" என்றார் அண்ணை பெருமையாக. "இரண்டாமிடமும் இல்லை. இரண்டாமிடம் வந்த பிள்ளையின்ர தகப்பன்தானே போய் மற்றச் சங்கத்தைத் தொடங்கினவர். அந்தப் பாடத்துக்குப் பிறகு முதலிடம், சிறப்பு முதலிடம், அதிசிறப்பு முதலிடம் எண்டு மூண்டுதான். கடைசியா வாறவருக்கு முதலிடம்."

பிறகு விதுஷனின் முறை. அவன் 'கடைசிப் பஸ்'ஸைத் தொடங்கினான். கேம் தொடங்கும்போது சாரதி பஸ்ஸின் முன்கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவார். நீங்கள்தான் சுரண்டவேண்டும். சுரண்டச் சுரண்ட உள்ளே இருக்கிற முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். யதுஷாவுக்கு அந்த இடம் மனப்பாடம். திரையில் பனி விலகியது. ஹோட்டல்காரி தெரிந்தாள், தூங்குகிறவர் தெரிந்தார், வழி மறந்த மனிசன் தெரிந்தான். "அண்ணை, நான் இறங்கிற இடம் வந்தா ஒருக்காச் சொல்லுவியளோ?" என்று ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருந்து அவன் குரல் வந்தது. சாரதி ஏறி உட்கார்ந்து திறப்பைத் திருகினார். பஸ் உறுமியது.

ரீச்சர் மணியை அடித்தார்.

"இன்னும் வெளிக்கிடேல்லை, ரீச்சர்!" என்றான் விதுஷன்.

"அதைத்தான் நானும் குறிச்சனான். நேரம் முடிஞ்சுது, பஸ் வெளிக்கிடேல்லை." ரீச்சர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "உச்சரிப்பும் சரியில்லை. 'சொல்லுவியளோ' எண்டு கதைக்குது. 'சொல்லுவீர்களா' எண்டெல்லோ வரவேணும்? மேடைத் தமிழ் எண்டு ஒண்டு இருக்கு, தம்பி. உப்பிடிக் கதைச்சா உலகம் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

விதுஷன் கம்பியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

கடைசியாகச் சயன். முப்பது வயது மனிசன், கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு வந்திருந்தான். தன் கணினியைத் திரையோடு பொருத்தி ஒரு பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரையின் நடுவில் ஒரு வெள்ளை வளையம் தோன்றிச் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் சுற்றியது. சயன் வேர்த்து விறுவிறுத்து மேடை ஓரத்துக்கு வந்து, "மாமா, உள்ளுக்க இன்னும்..." என்று ஏதோ சொல்லப் பார்த்தான்.

"நீ வாயைப் பொத்து. ஆக்கம் கதைக்கட்டும்" என்றார் அண்ணை.

மணி அடிக்கும்வரை வளையம் சுற்றியது. அண்ணைதான் முதலில் கை தட்டினார். பிறகு மண்டபமே தட்டியது.

"சண்டை இல்லை, ரத்தம் இல்லை, கூடாத சொல் ஒண்டில்லை" என்றார் ரீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தொடங்கின மாதிரியே ஒரு பிழையும் விடாமல் முடிச்சது. நேரத்துக்கு ஒரு நொடி கூடேல்லை. இந்த மாதிரி ஒரு ஒழுக்கத்தை நான் மனனப் போட்டியில கூடக் கண்டதில்லை."

யதுஷா எழும்பிவிட்டாள். "அங்கிள், அது கேம் இல்லை! கேம் வரமுதல் வாற வளையம். உள்ள இருக்கிறது இன்னும் வரேல்லை."

"வரேல்லை எண்டது உம்மட கருத்து" என்றார் அண்ணை. "வந்திட்டுது எண்டது பெரும்பான்மை."

ஹெர் புருப்பாகர் பார்வையாளராக முன்வரிசையில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாவது ஒரு ஆறுதல் கிடைக்கும் என்று யதுஷா திரும்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உருகிப்போய் இருந்தார். என்ட்ஷ்லொய்னிகுங் என்றார். அவசரத்தைத் தணித்து வாழ்வது என்று பொருள். சுவிஸ்காரர் அதைப் படிக்க மலை உச்சியில் வகுப்புக்குப் போகிறார்கள், உங்கள் சமூகமோ அதை ஒரு வளையத்துக்குள் கொண்டுவந்துவிட்டது என்றார்.

"ஐயா, நீங்கள் விளையாடிப் பார்த்தீர்களா?" என்று யதுஷா அவரிடம் ஜெர்மனில் கேட்டாள்.

"எனக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஃப்ரௌ யதுஷா" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு. "அதனால்தான் இந்தப் பதவிக்கு என்னை எடுத்தார்கள். தெரிந்தவர் இருந்தால் தலையிட்டுவிடுவார் அல்லவா? ஆனால் நீங்கள் நிபுணர். உங்களுக்கு மறுப்பு இருந்தால் விழாவில் சொல்லுங்கள். ஒரு சொல் போதும், நான் எல்லாவற்றையும் நிறுத்துவேன்."

வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்குப் புருப்பாகர் சாட்சி. சயனுக்கு அதிசிறப்பு முதலிடம். விதுஷனுக்கு வெறும் முதலிடம்.

படியிறங்கும்போது யதுஷா சயனைப் பிடித்தாள். "உண்மையைச் சொல்லுங்கோ, அந்த வளையத்துக்குப் பிறகு என்ன வரும்?"

சயன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இன்னும் ஒண்டும் தொடங்கேல்லை" என்றான் தணிந்த குரலில். "வளையம் சுகம் எண்டு அதைத்தான் முதல்ல செய்தனான்." பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆனா இப்ப யோசிச்சுப் பாத்தா, இனித் தொடங்கத் தேவையில்லைப் போல கிடக்கு."

விழா அடுத்த ஞாயிறு. இம்முறை மண்டபம் நிறைந்த சனம். யதுஷாவின் தாய் தகப்பன் இரண்டாம் வரிசையில். தெரிந்த மாமிமார், பள்ளியில் படிப்பித்தவர்கள், அவளிடம் கேட்டுக் கேம் வாங்குகிற தகப்பன்மார், எல்லாரும் வந்திருந்தார்கள். விதுஷன் பின்னால் கதவோரம் இருந்தான். அவன் வரமாட்டேன் என்றுதான் நின்றான். "நான் சும்மா விடமாட்டன், நீ வந்து பார்" என்று யதுஷா இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அண்ணை தலைமையுரைக்கு எழும்பினார். "சில பேர் கேக்கினம், விளையாடாமல் எப்பிடித் தரம் பிரிக்கிறியள் எண்டு" என்றார். "நான் கேக்கிறன், கலியாணவீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுத்தானோ நல்லதெண்டு சொல்லுறியள்? ஆர் வீட்டுக் கலியாணம் எண்டு பாத்தெல்லோ சொல்லுறியள்! தரம் எண்டது பொருளில இல்லை, அதைப் போடுறவர்களின்ர தகுதியில இருக்கு. இந்தச் சபையில அந்தத் தகுதி ஆருக்கு இருக்கெண்டு என்ர வாயால நான் சொல்லக்கூடாது." சபை கை தட்டியது. சயன் எழும்பி, தன் வளையம் தமிழனின் காத்திருப்பைப் பற்றிய ஆக்கம் என்று ஏற்புரை சொன்னான். அதற்கும் தட்டியது.

பிறகு முதன்மை விமர்சகரை அழைத்தார்கள்.

யதுஷா மேடைக்கு நடந்தாள். வருகிற வழியில் ரயிலில் அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. திட்டினால் பொறாமை என்பார்கள். புள்ளி சொன்னால் அதற்கும் ஒரு முதலிடம் கண்டுபிடிப்பார்கள். ஒன்றுமே இல்லாத கேமுக்கு ஒன்றுமே இல்லாத விமர்சனம்தான் சரி. மைக்குக்கு முன்னால் நின்று முதலில் வாயே திறக்கக்கூடாது, புருப்பாகருக்கு வேண்டிய அந்த ஒரு சொல்லைக் கடைசியில் சொல்லலாம். சனம் சிரிக்கும், பிறகு யோசிக்கும், பிறகு அண்ணை முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார் பார்ப்போம். இதை நினைக்க அவளுக்கு உள்ளுக்குள் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

மைக்கைச் சரிசெய்தாள். நிமிர்ந்து நின்றாள். பேசாமல் நின்றாள்.

சனம் பார்த்தது. யாரோ இருமினார்கள். அவள் பேசவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்தாள், சிரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில். அந்தக் குனிவைக் கண்டதும் முன்வரிசையில் அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். கைகளைக் கீழே விட்டு, கண்ணை மூடி, தலை தாழ்த்தினார். அவரைப் பார்த்து ரீச்சர் எழும்பினார். ரீச்சரைப் பார்த்து முதல் வரிசை. பிறகு வரிசை வரிசையாகக் கதிரைகள் கிரீச்சிட, மண்டபம் முழுவதும் எழும்பி, எங்கள் விழாக்களில் போரில் மாண்டவர்களுக்குச் செய்வதுபோல அகவணக்கம் செலுத்தியது.

"ஆர் மோசம் போனது?" என்று ஒரு மாமி பக்கத்தில் கிசுகிசுத்தாள்.

"தெரியேல்லை. பேசாமல் நில்லுங்கோ."

யதுஷா வாயைத் திறந்து "ஐயோ, இருங்கோ, இது அதில்லை" என்று சொல்லவேண்டும். தாய் கண்ணை மூடி நிற்கிறாள். தகப்பன் தம்பியைப் போரில் பறிகொடுத்தவர், அவர் கன்னத்தில் கண்ணீர். பிள்ளைகள் தலைகுனிந்து நிற்கிறார்கள். இத்தனை பேர் அவரவர் செத்த சொந்தத்தை நினைத்து நிற்கிற நேரத்தில் மைக்கில் "வளையம்" என்று எப்படிச் சொல்வது? எந்த வாயால் சொல்வது? அந்தச் சொல்லை அவள் விழுங்கிவிட்டாள்.

அண்ணை கண்ணைத் திறந்து "நன்றி, அமரலாம்" என்றார். எல்லாரும் இருந்தார்கள்.

அவர் மேடைக்கு வந்து அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார். குரல் தழுதழுத்தது, அதில் நடிப்பு இல்லை. அதுதான் அந்த மனிசனிடம் உள்ள பெரிய கொடுமை. "உறவுகளே, வார்த்தை இல்லாமல் ஒரு விமர்சனம்! ஒரு ஆக்கத்தைப் பாத்திட்டு எங்கட பிள்ளைக்குப் பேச்சே வரேல்லை. இதைவிட இனி என்ன புள்ளி வேணும்?" பொன்னாடையை விரித்து அவள் தோளில் போட்டார். படப்பிடிப்பாளர் வெளிச்சத்தை முகத்தில் அடித்தார்.

ஹெர் புருப்பாகர் எழும்பி மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எங்கள் நாட்டில் ஊர்ச்சபை கூடினால் மறுப்பு இருக்கிறதா என்று கேட்போம், ஒருவரும் வாய் திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள் என்றார். விமர்சகரே மௌனமாக இருந்துவிட்டார், சபையும் எழுந்து நின்று மௌனமாக இருந்தது, இப்படியொரு ஏகமனதை என் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்றார். வளையம் அன்றே லெர்ஹென்ஹோஃபுக்குத் தெரிவானது. நன்றியுரை தொடங்கியது. சனம் மெல்ல மெல்ல றோல்ஸும் தேத்தண்ணியும் இருந்த பக்கம் நகர்ந்தது.

யதுஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவடிக்குப் போனாள். விதுஷன் யாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் தோளில் பொன்னாடை பளபளத்தது. அதைக் கழற்றவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"நானும் எழும்பி நிண்டனான்" என்றான் அவன். "எல்லாரும் எழும்ப எனக்கும் கால் தன்ர பாட்டில எழும்பிட்டுது. ஆருக்கு யது எழும்பினனாங்கள்?"

அவளுக்கு ஏதாவது சொல்லித் தப்பவேண்டும் போலிருந்தது. "உன்ர கேமுக்கு எண்டு வைச்சுக்கொள்ளன்" என்றாள்.

விதுஷன் யாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினான்.

"நாங்கள் எழும்பேக்க அது இன்னும் செத்திருக்கேல்லை" என்றான்.